இரண்டு நாற்காலிகளும் ஒரு பியூனும்

உழைக்கும் வர்க்கத்தின் வரலாற்றை இரண்டே பாகமாகப் பிரிக்கலாம்: எங்கள் முன்னாள் அமைச்சர் தொழிலாளர் நலத்துறைக்கு வருவதற்கு முன், வந்த பின். இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. அந்த அமைச்சர் அறைக்கதவுக்கு வெளியே பத்தொன்பது வருடமாக நிற்கும் பியூன் நான். 'நிற்கும்' என்று சொன்னதை அலங்காரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேடம் கீழேயிருந்து மேலே வந்தவர். நூல் மில்லில் ஒன்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். ஒரு நாள் கால் வீங்கிப்போய், நேரே மேலாளர் அறைக்குள் நுழைந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எங்களுக்கு முக்காலி வராம எந்திரிக்க மாட்டேன்" என்றார். முக்காலிகள் வந்தன. மேடம் எழுந்தார். 'உழைப்பாளிகளின் தமக்கை' என்று பட்டம் கிடைத்தது. அதன் பிறகு சங்கத் தலைவர், சட்டமன்ற உறுப்பினர், அமைச்சர் என்று எத்தனையோ நாற்காலிகளில் உட்கார்ந்தார். எதிலிருந்தும் தானாக எழுந்ததாகத் தகவல் இல்லை.

அமைச்சரானதும் அவர் கொண்டுவந்ததுதான் உலகமே வியந்திருக்க வேண்டிய 'உட்காரும் உரிமைச் சட்டம்'. வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் இருக்கை. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்.

"சர்க்கார் வேல, உக்காந்த எடத்துல சம்பளம்னு சொல்லித்தானே எங்கப்பாவ ஏமாத்துனீங்க? இனிமேலாவது அது நெசமாகட்டும்" என்றாள், என் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே.

டாக்டரும் அதே கட்சிதான். "நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சா சுருண்டு கெடக்கு. வேலைல உக்காரணும். இல்லேன்னா ஆபரேஷன். எங்க வேல?"

"தொழிலாளர் நலத்துறைல."

டாக்டர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

சட்டத்தை அமல்படுத்த 'இருக்கை ஆய்வுக் குழு' அமைத்தார்கள். இரண்டு வருடத்தில் முப்பத்தோரு முறை கூடியது. மெத்தை வைத்த நாற்காலிகளில் சாய்ந்தபடி அவர்கள் காட்டிய கடமை உணர்ச்சியை, டீத் தட்டோடு நின்று நானே கண்ணால் பார்த்தேன்.

"முதுகு வச்ச நாற்காலி ஆபத்து சார். சாய்வான். சாஞ்சா தூங்குவான்."

"அப்ப முதுகு வேணாம். காலு?"

"மூணு போதும். விழுந்துருவோம்கிற பயத்துல முழிச்சிருப்பான்."

"உக்காரவே வேணாமே சார். என்னைக்காவது உக்காரலாம்னு ஒரு நம்பிக்கை இருந்தாலே பாதிக் களைப்பு போயிரும்."

இந்தக் கடைசிக் கருத்து சிவப்பு மையில் அடிக்கோடிடப்பட்டது.

ஒருவழியாக, மாதிரிக்கு ஒரே ஒரு நாற்காலி வாங்கினார்கள். முதல் பயனாளி நான். ரிப்பன் வெட்டி, மேடமே என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவையும் உட்காரச் சொன்னார்கள். ஆக மொத்தம் நான்கு நிமிடம்.

"இந்தாப்பா, போதும், எந்திரி. இது சரித்திரம். அழுக்காயிரும்" என்றார் மேடம்.

நாற்காலியைக் கதவுக்கு இடப்பக்கம் வைத்து, சுற்றிலும் கயிறு கட்டினார்கள். மேடத்தின் கையெழுத்தோடு ஒரு பலகை: 'வரலாற்றுச் சின்னம். யாரும் உட்காரக் கூடாது.' தினமும் துடைக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

"எனக்கு எப்ப மேடம்?"

"வரும்பா. பொறுத்தார் பூமி ஆள்வார்."

நான் பொறுத்தேன். தேர்தல் வந்தது, மேடம் தோற்றார். புது அமைச்சர் அந்த நாற்காலியைக் குடோனுக்கு அனுப்பப் போகிறார் என்று கேள்விப்பட்டு, சரித்திரத்தைக் காப்பாற்ற ஒரு மனுவோடு மேடம் வந்து நின்றார்.

"உள்ள மீட்டிங் மேடம். வெயிட் பண்ணுங்க."

முதல் மணி நேரம் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தார். இரண்டாவதில் அதே சுவரில் சாய்ந்தார். மூன்றாவதில் செருப்பைக் கழற்றினார்.

"அண்ணே" என்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. "மில்லுல நின்ன வலி திரும்ப வந்துருச்சுண்ணே. அதுல செத்த நேரம் உக்காந்துக்கட்டுமா?"

பலகையைக் காட்டினேன்.

"இத எந்த மடையன் எழுதுனது?"

"கீழ கையெழுத்து இருக்கு மேடம்."

வெகுநேரம் பலகையையே பார்த்தார். அப்புறம் என் கணுக்காலைப் பார்த்தார். "ஏண்ணே, நீங்க தெனமும் இப்படியேவா நிக்கிறீங்க?"

"பத்தொம்பது வருஷமா மேடம்."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. என் பேனாவை வாங்கி, மனுவைச் சுவரில் வைத்து அடியில் ஒரு வரி சேர்த்தார். பட்டவளுக்குத்தானே தெரியும் வலி! அன்று வீட்டுக்குப் போய், தைலத்தைத் தூக்கிப் பரண்மேல் போடச் சொன்னேன்.

பத்தே நாளில் உத்தரவு வந்தது. சின்னம் இருந்த இடத்திலேயே இருக்கலாம். கூடவே ஒரு புது நாற்காலியும் வந்தது. முதுகும் உண்டு, நாலு காலும் உண்டு. கதவுக்கு வலப்பக்கம் போட்டார்கள். உட்காரப் போகும்போதுதான் முதுகில் எழுதியிருந்ததைப் படித்தேன்: 'முன்னாள் அமைச்சர்களுக்கு மட்டும்.'

உழைப்பாளிகளின் தமக்கைக்கு நன்றி சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. முன்பு ஒன்று இருந்த இடத்தில் இப்போது இரண்டு நாற்காலி. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதுவரை தினமும் இரண்டையும் துடைத்துவிட்டு, நடுவில் நான் நிற்கிறேன்.