வெர்லீன் அக்காவின் பெயர் மேடையில் ஒலிக்காமல் நான் பார்த்துக்கொண்ட விதம்

டார்வர்ஸ் பெண்ட், மிசிசிப்பி
செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

என் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய வெர்லீன் அக்காவுக்கு,

தம்பி லெமுவேல் எழுதுவது. நானும் என் இடது முழங்காலும் இங்கே சுகம். வலது முழங்கால் நேற்றோடு சரி. கடவுள் கிருபையில் உன் ரத்த அழுத்தம் அடங்கியிருக்கும் என்றும், மெம்ஃபிஸில் உங்கள் சபைப் பெண்களின் மூன்று நாள் மாநாடு நல்லபடியாக முடிந்து இந்நேரம் சிகாகோவுக்கு பஸ் ஏறியிருப்பாய் என்றும் நம்புகிறேன். உப்புத் தண்ணீர் வாளிக்குள் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வாளியைத் திட்டு, என்னைத் திட்டாதே. என்னைத் திட்ட வேறு காரணம் கீழே வருகிறது.

ஜூலையில் நீ தொலைபேசியில் சொன்னது வரிக்கு வரி நினைவிருக்கிறது. "இந்த வருஷம் ப்ளூஸ் விழாவுல அந்த மனுஷன் என் பேரைச் சொல்லிப் பாடினான்னு காதுல விழுந்துச்சு, லெமுவேல், அம்மா பக்கத்துல எனக்குன்னு வச்சிருக்கியே குழி, அதை வேற யாருக்காவது குடுத்துரு. நான் சிகாகோவுலயே போய்ச் சேர்றேன். உன் வீட்டு வாசல்லயும் கால் வைக்க மாட்டேன்" என்றாய். அம்மா பெற்ற ஐந்து பேரில் மிச்சம் நாம் இரண்டு பேர்தான். மேடைப் பொறுப்பை ஒன்பது வருடமாக நான்தான் பார்க்கிறேன் என்பதால், இதை நிறுத்துவது என் கையில் இருப்பதாக நீ நினைத்துவிட்டாய். எந்தப் பாடகனுடைய வாயும் எவன் கையிலும் இல்லை, அக்கா. ஆனாலும் சரி என்றேன். உன்னிடம் நான் முடியாது என்று சொன்னது 1959-இல், ஒரே ஒரு தடவை. அதன் தழும்பு இன்னும் இருக்கிறது.

பாட்டு உனக்குத் தெரியாததல்ல. நீ அத்தானை விட்டுப் போன மறு வாரம் அவர் கட்டியது. (அத்தான் என்று எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். முப்பத்தேழு வருடமாகியும் என் பேனாவுக்குப் புத்தி வரவில்லை.) "அடுப்பைத் தூக்கிட்டுப் போனா, ஆமா, அடுப்பைத் தூக்கிட்டுப் போனா, நெருப்பை மட்டும் எங்கிட்ட விட்டுட்டுப் போனா, வெர்லீன்." அடுப்பு உன்னுடையது, நீ தையல் வேலை செய்து வாங்கியது, அதற்கு நான் சாட்சி. அதில் இருந்தது நாலு பர்னர், அதற்கும் சாட்சி. அவர் பாட்டில் முதலில் நாலு என்றுதான் இருந்தது. தொண்ணூறுகளில் ஐந்து ஆயிற்று. போன வருடம் ஆறு. அத்தான் ஓசெல் கெய்ன்ஸ் இன்னும் பத்து வருடம் உயிரோடு இருந்தால் நீ ஒரு ஹோட்டலையே தூக்கிக்கொண்டு போனதாக ஊர் நம்பும்.

ஆகஸ்டில் அவரை முடிதிருத்தகத்தில் பிடித்தேன். கழுத்தில் துணி கட்டி, முகத்தில் சோப்பு நுரை பூசி உட்கார்ந்திருந்ததால் ஓட முடியாது என்பது என் கணக்கு. விஷயத்தைச் சொன்னேன். நுரைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"மாப்ளே, நீ முப்பத்தொரு வருஷம் தபால் குடுத்தவன். கவர் மேல இருக்கிற பேரை அடிச்சுட்டுப் போட்டா அது யாருக்குப்பா போய்ச் சேரும்?"

"அத்தான், அந்தத் தபாலை வாங்கிக்க அக்காவுக்கு இஷ்டமில்லை. இஷ்டமில்லாத தபாலைத் திருப்பி அனுப்பறதுதான் சட்டம்."

"அப்ப திரும்பி வரட்டும். நான் இங்கதானே இருக்கேன்."

இப்படிப் பேசுகிற ஆளிடம் என்ன செய்வது? கடைசியில் குழி விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்குப் பக்கத்தில் படுக்க மாட்டாளாம் என்றேன். சவரம் முடிந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவு தூரத்துக்குப் போயிட்டாளா. சரி, பேரை விட்டுடறேன். அந்த இடத்துல மூச்சு வாங்கிக்கறேன்" என்றார். கூடவே ஒரு நிபந்தனை: அவர்தான் கடைசியாகப் பாட வேண்டும்.

அங்கேதான் என் வாழ்க்கை முடிந்தது. கடைசி இடத்தை ஏப்ரலிலேயே பிக் அர்வெல்லாவுக்குக் கொடுத்திருந்தேன். கடைசியாகப் பாடுகிறவர்தான் அந்த வருடத்துப் பெரியவர் என்பது இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவளிடம் போய், பொழுது சாய்ந்தால் கொசு வரும், கொசு உன் தொண்டைக்கு ஆகாது என்று ஆரம்பித்தேன். அர்வெல்லா விசிறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "லெமுவேல், நான் பொறந்ததே பருத்திக்காட்டுல. எங்கம்மாவுக்கு முன்னாடி என்னைப் பார்த்ததே கொசுதான். யாருக்குடா என் இடத்தைக் குடுத்த?" உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. உன் பெயரைக் கேட்டதும் கொஞ்சம் இறங்கி வந்தாள். அவளுக்கும் ஒரு காலத்தில் ஒரு புருஷன் இருந்தான் அல்லவா. ஆனால் மேடையில் கைப்பிடி வைத்த நாற்காலியும், பக்கத்தில் மின்விசிறியும், முழுப் பாட்டுக்கும் பர்விஸின் மவுத் ஆர்கனும் இல்லாமல் வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

நாற்காலியை என் வீட்டுச் சாப்பாட்டு அறையிலிருந்து தூக்கிக்கொண்டு போனேன். வலது முழங்கால் போனது அப்போதுதான். பர்விஸ்தான் சிக்கல். அவன் நம் சபையில் டீக்கன் ஆகி நாலு வருடம். சபைக்கு ஆகாத ப்ளூஸைச் சனிக்கிழமை வாசிப்பது பாஸ்டருக்குத் தெரியக்கூடாது என்று கறுப்புக் கண்ணாடியும், காது வரை இறக்கிய தொப்பியும் போட்டுக்கொண்டுதான் மேடை ஏறுவான். பாஸ்டர் ஆறு மணிக்குப் பொரித்த கெளுத்தி மீன் சாப்பிட வருவார், அதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பது அவன் ஏற்பாடு. அர்வெல்லாவின் முறையோ இப்போது ஐந்தரைக்கு வந்துவிட்டது. அவள் கோபத்தில் இருந்தால் எத்தனை மணிக்கு இறங்குவாள் என்று சொல்ல அவளாலும் முடியாது.

நேற்று எல்லாமே அப்படித்தான் நடந்தது. மூன்று மணிக்கு மேடையாகப் போட்டிருந்த பருத்தி டிரெய்லரின் ஒரு டயர் வெயிலில் இறங்கி, டிரம்ஸ் மெதுவாக இடது பக்கம் போக ஆரம்பித்தது. டிரம்ஸ்காரர் கூடவே நகர்ந்து நகர்ந்து வாசித்தார், தாளம் மட்டும் விடவில்லை. சக்கரத்துக்கு நான் செங்கல் வைத்தேன். நாலரைக்கு மின்சாரம் போயிற்று. மீன் கடைக்காரர்கள் நம் ஜெனரேட்டரில் இரண்டாவது பொரிக்கிற சட்டியைச் சொருகியிருந்தார்கள். பிடுங்கினால் மீன் வரிசையில் நிற்பவர்கள் என்னை அடிப்பார்கள், பிடுங்காவிட்டால் அர்வெல்லா அடிப்பாள். யோசித்துப் பார்த்து, வரிசையில் நிற்பவர்களுக்குப் பசி, ஓடித் துரத்த மாட்டார்கள் என்று சட்டியைப் பிடுங்கினேன். துரத்தினார்கள்.

ஐந்தே முக்காலுக்கு அர்வெல்லா ஆரம்பித்தாள். ஐந்து ஐம்பதுக்கு பாஸ்டர் வந்துவிட்டார், பசி போலிருக்கிறது. பர்விஸ் அவரைப் பார்த்த வேகத்தில் மவுத் ஆர்கனோடு டிரெய்லருக்குப் பின்புறம் குதித்து, அங்கே நின்ற என் லாரிக்குள் ஏறி, ஒலிவாங்கியையும் ஜன்னல் வழியாக இழுத்துக்கொண்டு உள்ளேயிருந்தே வாசித்தான். ஜனங்களுக்கு என் லாரி அழுவது போலக் கேட்டது. பாஸ்டர் தட்டைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று, காலால் தாளம் போட்டபடி முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு, "பிரதர் லெமுவேல், உங்க லாரிக்குள்ள யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம். ஆனா நாளைக்குக் காலைல காணிக்கைத் தட்டு எடுக்கிறது அவரோட முறை. நேரத்துக்கு எந்திரிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீன் வாங்கப் போனார்.

அர்வெல்லா ஒரு மணி நேரம் பாடினாள். பாடி முடித்தும் இறங்கவில்லை. "நாற்காலி சவுகரியமா இருக்கு. ஓசெல் பாடட்டும், நான் உக்காந்து கேக்கறேன்" என்றாள். இறக்குவதற்கு என்னிடம் முழங்கால் இல்லை. அத்தான் அந்தப் பழைய பழுப்பு நிற சூட்டில் ஏறி, அவளுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டு, ஆற்றங்கரை மேட்டில் வெயில் இறங்குகிற நேரத்தில் கிட்டாரை எடுத்தார். வயது எழுபத்தொன்பது, அக்கா. கை நடுங்குகிறது. கம்பியில் வைத்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது.

நாலாவதாக அந்தப் பாட்டு. "ஆறு பர்னர் அடுப்பு" என்று அவர் பாடியதும் மீன் வரிசைப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், "நாலு!" என்று கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள். யார் அவள், நம் அடுப்பைப் பற்றி அவளுக்கென்ன தெரியும் என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் அந்த வரி வந்துவிட்டது. "நெருப்பை மட்டும் எங்கிட்ட விட்டுட்டுப் போனா" என்று பாடி, சொன்ன வாக்குப்படி நிறுத்தினார். வாத்தியக்காரர்களுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தேன், அவர்களும் நிறுத்தினார்கள். மைதானம் முழுக்க அமைதி. மீன் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. என் வேலை முடிந்தது, அக்காவைக் காப்பாற்றிவிட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

நான் எவ்வளவு பெரிய மடையன் என்பது அப்போதுதான் தெரிந்தது. நம் ஜனங்கள் யார்? பாஸ்டர் பிரசங்கத்தில் மூச்சு வாங்கினால் அந்த இடைவெளியில் "ஆமென்" போடுகிறவர்கள். முப்பத்தேழு வருடமாகக் கேட்ட பாட்டில் ஒரு காலி இடம் விட்டால் சும்மா இருப்பார்களா? முதலில் அதே பெண் குரல், மீன் வரிசையிலிருந்து, தனியாக: "வெர்லீன்!" அதன் பின்னால் மைதானமே: "வெர்லீன்!" அர்வெல்லா நாற்காலியிலிருந்தே கத்தினாள். என் லாரி கத்தியது. பாஸ்டர் வாயில் மீனோடு கத்தினார். இத்தனை வருடத்தில் உன் பெயரைச் சொன்னது ஒரு வாய். நேற்று நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தில் எண்ணூறு வாய்.

அத்தான் அடுத்த வரியைப் பாடவில்லை. முதல் குரல் கேட்டதுமே அவர் தலை மீன் கடைப் பக்கம் திரும்பியது. கை கம்பி மேலேயே நின்றுவிட்டது. நான் வெயில் தாக்கியது என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். "தண்ணி வேண்டாம் மாப்ளே" என்றார். முகம் நனைந்திருந்தது. அதோடு விழா முடிந்தது.

இதுதான் நடந்தது. யார் வழியாகவோ உனக்குத் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதினேன். அந்த முதல் குரல் மட்டும் வராதிருந்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அந்தப் பொம்பளை என்றைக்காவது என் கையில் கிடைத்தால் அவளை நான் சும்மா விடப்போவதில்லை. மேடைப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று இன்று காலையே கடிதம் எழுதிவிட்டேன். எனக்கு அலுத்துவிட்டது, அக்கா. அம்மா பக்கத்து இடத்தைப் பற்றி மட்டும் கோபம் தணிந்த பிறகு முடிவெடு. எனக்கென்று இருப்பது நீ ஒருத்திதான்.

பேத்திக்கு என் முத்தங்கள். உன் சபையாருக்கு என் வணக்கம். ஆண்டவர் உன் ரத்த அழுத்தத்தையும் என் முழங்காலையும் ஒரே கையால் தொடட்டும்.

களைத்துப்போன தம்பி,
லெமுவேல்

பின்குறிப்பு: மேலே எழுதியதை அடிக்க மனமில்லை, அப்படியே அனுப்புகிறேன். சாயங்காலம் மைதானத்தில் நாற்காலி மடிக்கப் போனேன். மீன் கடைக்குப் பக்கத்து நாற்காலிக்கு அடியில் ஒரு அட்டை விசிறி கிடந்தது. சிகாகோவில் உங்கள் சபை கொடுக்கிற விசிறி. மூலையில் பென்சிலால் உன் பெயர், உன் கையெழுத்து. மெம்ஃபிஸில் மாநாடாம்! முப்பத்தேழு வருடமாக வேண்டாம் வேண்டாம் என்ற பெயரை அவர் ஒரே ஒரு தடவை விட்டதும் உனக்குத் தாங்கவில்லையா, அக்கா? குழியை யாருக்கும் கொடுக்கவில்லை. விலகல் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். விசிறியை இதோடு அனுப்பலாம் என்றிருந்தேன், பார்க்கட்டும் என்று அத்தான் கையில் கொடுத்தேன், திருப்பித் தர மாட்டேன் என்கிறார். அடுத்த வருடம் நாலு பர்னர் என்றே பாடுவதாக உன்னிடம் சொல்லச் சொன்னார்.