ஆமென் சொல்ல ஆளில்லை

மற்றவர்களுக்காக ஜெபம் செய்வது நல்ல காரியம். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர்கள் எதிரிலேயே நிற்கும்போது கொஞ்சம் பார்த்து ஜெபிக்க வேண்டும். இந்த ஞானம் எனக்கு வருவதற்கு ஒரு திங்கட்கிழமை காலையும் பதினெட்டுப் பெண்களின் கோபமும் தேவைப்பட்டன.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். (பரீட்சை எழுதினேன் என்பது வரை உண்மை. அதற்கு மேல் கேட்காதீர்கள்.) மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரி ஆலையில் வேலை. எங்கள் பக்கத்தில் முந்திரி ஆலை என்று கேட்டால் யாருக்கும் வழி தெரியாது. அண்டியாபீஸ் என்று சொன்னால் பஸ் கண்டக்டரே வாசலில் இறக்கிவிடுவார். ஓடு உடைத்து, சூட்டில் காய வைத்து வருகிற பருப்பின் மேல் ஒரு மெல்லிய சிவப்புத் தோல் இருக்கும். அதைச் சின்னக் கத்தியால் உரிப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. பருப்பு முழுசாக வரவேண்டும். பிளந்துவிட்டால் தரம் போச்சு.

பதினோரு வருஷம் அந்த நீள மேசையில் ரோசம்மாளுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து உரித்தேன். அவள் முட்டம் கடற்கரையில் பிறந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் வயசுதான். எங்கள் பிரிவில் அவளைப்போல் உரிக்க ஆள் கிடையாது. வாய் ஒரு பக்கம் கதை சொல்லும், கை ஒரு பக்கம் முழுப்பருப்பாகக் கொட்டும். என் மதியச் சோற்றில் பாதி அவளுக்கு, அவள் மீன்கறியில் பாதி எனக்கு.

எங்கள் பழைய சூப்பர்வைசர் வேலையை விட்டுப்போனபோது, மேனேஜர் வில்சன் சார் என்னைக் கூப்பிட்டு, "பிரேமா, இனி நீதான் சூப்பர்வைசர்" என்றார்.

"நானா சார்? ரோசம்மாதானே நல்லா வேல செய்வா?"

"அவ கத்தி பிடிக்கணும். நீ ஆளப் பிடிக்கணும். பதினோரு வருசத்துல நீ ஒருத்திகிட்டயும் சண்ட போட்டதில்லன்னு எல்லாரும் சொல்லியாவ. அது போதும்."

அன்று வீட்டுக்கு நடந்தா போனேன், மிதந்தல்லவா போனேன்.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. யாரையும் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை கடிந்து பேச வராது. தொண்டை அடைத்துவிடும். (என் வீட்டுக்காரர் இதை நம்பமாட்டார். அவர் கணக்கில் வரமாட்டார், அவர் வீட்டுக்காரர்.) பழைய சூப்பர்வைசர் ஒரு அதட்டல் போட்டால் மேசை ஆடும். நான் அப்படிச் செய்யக்கூடாது, அன்பாகத் திருத்த வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து யோசித்தேன். மத்தியானச் சோறு உண்டு முடிக்கும்போது பளிச்சென்று ஒரு வழி தோன்றியது. அது மேலிருந்து வந்த வெளிச்சம் என்றே நினைத்தேன்.

எங்கள் ஆபீஸில் காலை எட்டு மணிக்கு வேலை தொடங்குமுன் ஒரு சின்ன ஜெபம் உண்டு. எல்லோரும் எழுந்து நிற்போம். அம்மன் கோயிலுக்குப் போகிற செல்லக்காவும் கைகூப்பி நிற்பாள். சூப்பர்வைசர்தான் ஜெபிக்க வேண்டும். பழையவர் ஜெபம் நாம் கண்ணை மூடுவதற்குள் முடிந்துவிடும். எனக்கோ சபையில் ஜெபித்துப் பழக்கம். ஆகவே, பெண்களிடம் சொல்ல முடியாததை ஆண்டவரிடம் சொல்வது, அதை அவர்கள் காதில் விழும்படி சொல்வது. அவர்களுக்கும் புத்தி வரும், எனக்கும் தொண்டை அடைக்காது. காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, யார் யாருக்கு என்னென்ன குறை என்று பின்பக்கத்தில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டேன்.

மறுநாள் காலை வில்சன் சார் முதலிலேயே சொன்னார்: "நாலு மணிக்கு லாரி வருது. டின் எல்லாம் இண்ணைக்கே துறைமுகத்துக்குப் போணும். இது தவறினா அந்தப் பார்ட்டி நமக்கு இனி ஆர்டர் தரமாட்டான். ஒனக்கு மொத நாளு. பாத்துக்க."

"சார் கவலப்படாதேங்க. ஜெபத்தோட தொடங்குதேன்" என்றேன்.

விமலாவும் வந்து சேரும்வரை காத்திருந்து கண்ணை மூடினேன்.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்தப் பிரிவிலே பதினெட்டுப் பேரை என் கையில் ஒப்புக்கொடுத்தீரே, ஸ்தோத்திரம். உமது பிள்ளை விமலா தினமும் எட்டேகாலுக்கு வருகிறாளே, அவள் கால்களுக்கு வேகத்தைத் தாரும். சகோதரி செல்லக்கா போனை எடுத்துக்கொண்டு கக்கூஸுக்குப் போனால் இருபது நிமிஷம் திரும்புவதில்லை என்பதை நீர் அறிவீர்..."

ஒரு சின்னக் கனைப்பு கேட்டது. நல்ல அடையாளம், ஜெபம் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன். ஒவ்வொருத்தியாக ஆண்டவர் சமூகத்துக்குக் கொண்டுபோனேன். கடைசியாக, என் மனசுக்கு மிகவும் நெருங்கியவளை வைத்திருந்தேன்.

"பிதாவே, உமது பிள்ளை ரோசம்மாள். இப்போது அவள் கையில் பருப்பு பிளக்கிறது. மூன்று மாதமாக அவள் வீட்டுக்காரர் கல்ஃபிலிருந்து ஒரு போன்கூடச் செய்யவில்லை, பணமும் அனுப்பவில்லை. அந்த மனபாரத்தை அவள் ஆபீஸ் வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு வரக் கிருபை செய்யும்..."

அந்த நேரம் ஒரு ஸ்டூல் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு சடசடவென்று பல ஸ்டூல்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எல்லோரும் முழங்காலில் விழுகிறார்கள்! எங்கள் அண்டியாபீஸில் பரிசுத்த ஆவியின் எழுப்புதல் வந்துவிட்டது! நான் இரண்டு கையையும் உயர்த்தி, குரலை இன்னும் ஏற்றி, லாரிக்காகவும் டிரைவருக்காகவும் லாரியின் நான்கு டயருக்காகவும் (ஆறு என்று பிறகு சொன்னார்கள்) மன்றாடி, "ஆமென்!" என்று முடித்தேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை.

கண்ணைத் திறந்தேன். பதினேழு பேரைக் காணோம். செல்லக்கா மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள்.

"நீங்களாவது இருக்கியளே அக்கா" என்றேன்.

"எனக்குக் கால் மரத்துப் போச்சு. இல்லண்ணா நானும் எப்பளோ போயிருப்பேன்" என்று சொல்லி, நொண்டிக்கொண்டே அவளும் வெளியே போனாள்.

வாசலில் வில்சன் சார், கையில் சாயா கிளாஸ். எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று தெரியாது. சாயாவில் ஆடை படிந்திருந்தது.

வாங்கப்போகும் திட்டுக்கு நான் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. சாயாவை ஜன்னலில் வைத்துவிட்டு, ரோசம்மாளின் ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, அவள் கத்தியை எடுத்து ஒரு பருப்பை உரிக்கப் பார்த்தார். அது மூன்றாகப் பிளந்தது.

"போன் வரல்லங்குறது வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான் சார் சொன்னா."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிளந்து கிடந்த பருப்பு நான்தான் போலிருந்தது.

"சார், இப்ப நா என்ன செய்யணும்?"

"எனக்குத் தெரியாதம்மா. தெரிஞ்சா நானே போயிருவனே. அந்தப் பிள்ளைய நா பாத்தது வருகைப் பதிவுலதான். பக்கத்துல இருந்து பாத்தது நீ. போ. லாரிக்காரன நா பாத்துக்கிடுதேன்." அடுத்த பருப்பை எடுத்தார். அதுவும் பிளந்தது.

வெளியே பலாமரத்துக்கு அடியில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் விமலா சத்தமாகச் சொன்னாள்: "எழும்புங்க எழும்புங்க, பரலோகத்துக்குச் சூப்பர்வைசர் வந்தாச்சு."

"ஏட்டி பிரேமா, கண்ண மூடிராத. இதுக்கு மேல ஓட எடமில்ல, அங்கோட்டு ரோடு" என்றாள் செல்லக்கா.

ரோசம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு பலா இலையை நரம்பு நரம்பாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முன்னால் மண்ணில் உட்கார்ந்தேன்.

"மன்னிச்சிரு மக்கா. ஒனக்காகத்தான் ஜெபிச்சேன்."

"எனக்காகவா?" இலையைப் போட்டாள். "ஆண்டவருகிட்ட சொல்லணுமிண்ணா ஒன் வீட்டுல இருந்து சொல்லப்பிடாதா? அவருக்குக் காது கேக்காதா? நா ஒன் காதுல சொன்னத நீ மைக்கு வச்சுல்லா சொல்லிருக்க! எங்க மாமியாருகிட்டகூட நா சொல்லல்ல. அவரு போன் பண்ணுனாரு, நல்லாருக்காருண்ணு டெய்லி பொய் சொல்லிட்டு வாறேன்."

 லாரியும் ஆர்டரும் மனசைவிட்டுப் போய்விட்டன. இனி என் பக்கத்தில் உட்கார்ந்து இவள் மீன்கறி பங்கு வைப்பாளா என்பது ஒன்றே பெரிய கேள்வியாக நின்றது. ஏங்கி ஏங்கி அழுதேன். (அழகாக அழுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை.)

ரோசம்மாள் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "எல்லாரும் நில்லுங்க. இப்ப நா ஒரு ஜெபம் பண்ணப்போறேன். கண்ண மூடுங்க. ஏட்டி, நீ மட்டும் தொறந்து வச்சுக்க."

அவள் மாதா கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து செபமாலை சொல்லுகிறவள். தனியாக வாயைத் திறந்து ஜெபித்து நான் கேட்டதே இல்லை.

"ஆண்டவரே, இவ பேரு பிரேமா. இவ வைக்கிற கொழம்புல புளி கூடுதலு. பதினோரு வருசமா சொல்லியேன், கேக்கல்ல. இவளுக்கு ஆள வச்சு வேல வாங்கத் தெரியாது. ஆனா எனக்கு டெங்கு வந்து கெடந்தப்ப என் பங்கு பருப்பையும் சேத்து உரிச்சவ இவதான். அதயும் எழுதி வச்சுக்கிடும். என் வீட்டுக்காரரு விசயம் இப்ப பதினெட்டு பேருக்கும் தெரியும். தெரியாம இருந்தா நல்லாருந்திருக்கும். தெரிஞ்சுபோச்சு. இனி கக்கூஸுல போயி ஒளிச்சு அழாண்டாம், அந்த மட்டுக்கும் நல்லது. செல்லக்கா போன் பேசி முடிச்சாத்தானே எனக்கு எடம் கெடைக்கும். ஆமென்."

"ஆமென்!" என்று மரமே அதிரும்படி சொன்னார்கள். நான் கண்ணைத் திறந்து வைத்திருந்ததால் பார்த்தேன், ஒருத்திகூடக் கண்ணை மூடியிருக்கவில்லை. எல்லோரும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போனோம். வில்சன் சார் முன்னால் ஒரு சின்னக் குவியல், ஒன்றுகூட முழுசு இல்லை. ரோசம்மாள் கத்தியை அவர் கையிலிருந்து வாங்கி, "சாரே, நீங்க போயி மேனேஜர் வேல பாருங்க. அதுல ஒண்ணும் பிளக்காது" என்றாள். அவர் ஆடை படிந்த சாயாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றும் சரி, பிறகும் சரி, அந்தக் காலையைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் அவரைப்போல் ஒரு தடவையாவது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று இன்றுவரை முயற்சி செய்கிறேன்.

அன்று நானும் ஒரு கத்தியை எடுத்து உட்கார்ந்தேன். யாரும் சோற்றுக்கு ஒன்றாக எழும்பவில்லை, இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். என்னை ரோசம்மாள்தான் கூட்டிப்போனாள். மீன்கறியை வழக்கம்போலப் பாதியாக்கி என் பக்கம் தள்ளினாள். பேசத்தான் இல்லை. லாரி நாலு மணிக்கு வந்து நின்றது. நாலே முக்காலுக்கு டின்களோடு போனது.

அந்த வாரமே விமலாவிடம் ஏன் தாமதம் என்று நேராகக் கேட்டேன். தொண்டை அடைக்கவில்லை. அவள் வருகிற பஸ்ஸின் நேரம் மாறி ஏழு மாதமாகிறதாம். கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பாள். சாரிடம் பேசி, அவளுக்கு எட்டரைக்கு வந்து அரைமணி பிந்திப் போகிறதாக மாற்றிக்கொடுத்தேன். விமலாவின் தம்பியும் கல்ஃபில்தான் இருந்தான். அவன் விசாரித்துக் கண்டுபிடித்தான்: ரோசம்மாளின் வீட்டுக்காரருக்கு வேலை போய், சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நண்பன் அறையில் கிடந்தாராம். இப்போது ஊருக்கு வந்து ஆட்டோ ஓட்டுகிறார். ஒருநாள் நான் மெதுவாக, "பாத்தியா மக்கா, அந்த ஜெபத்தாலதானே" என்று தொடங்கினேன். "அதுக்காக நீ செஞ்சது சரியிண்ணு ஆகாது, கேட்டியா" என்றாள். சரிதான்.

இப்போதும் எங்கள் பிரிவில் யாராவது வேலையில் சுணங்கினால் மற்றவர்கள் மிரட்டுவது ஒன்றைச் சொல்லித்தான்: "பிரேமாவ ஜெபிக்கச் சொல்லணுமா?" வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தால் என் மகள், "அம்மா, பேரு சொல்லாதேங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பார்.

போன மாதம் மகளின் நிச்சயதார்த்தத்தில், பெண்ணின் தாய் ஒரு ஜெபம் செய்யட்டும் என்று போதகர் சொன்னார். எழுந்து நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் பயபக்தியோடு தலை குனிந்தார்கள். முன்வரிசையிலிருந்து ரோசம்மாள் கையைத் தூக்கினாள்.

"ஏட்டி, ஒரு நிமிசம். வாசல பூட்டட்டும். பொறவு தொடங்கு."

சுருக்கமாகத்தான் ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும் முதல் வேலையாகத் தலைகளை எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள்.