பொலிஸ் அனுமதியோடு அப்பாவுக்கு எழுபது

கொழும்பில் சந்தோசப்படுவதற்கு அரை நாளில் அனுமதி எடுக்கலாம். கோபப்படுவதற்குத்தான் கிடைக்காது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். அன்றைக்குப் போன மானத்துக்காக இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை (என் பங்கையும் சேர்த்து அம்மா வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார்).

எங்கள் பிளாட் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. பின்பக்கத்து ஒழுங்கையால் இறங்கினால் கடற்கரை வீதி. அப்பாவுக்கு இருதய ஒப்பரேஷன் முடிந்தபோது டொக்டர் மாத்திரைகளோடு நடையையும் எழுதிக் கொடுத்தார். தினமும் பின்னேரம் அந்த ஒழுங்கையால் மெல்ல மெல்லக் கடலுக்குப் போய் வருவார். ஒருநாள், பக்கத்தில் புதுமாடி கட்டிய கம்பெனி ஒழுங்கையின் முடிவில் இரும்புக் கேற் ஒன்றைப் போட்டுப் பூட்டியது. அது பொதுவழி, அவர்கள் காசு கொடுத்து வாங்கியதல்ல. சுற்றிப் போவதென்றால் காலி வீதியின் புகைக்குள்ளால் போகவேண்டும். அப்பா முயன்று பார்த்தார், மூச்சு வாங்கியது, விட்டுவிட்டார். பிறகு பல்கனியில் கதிரையைப் போட்டு, பூட்டிய கேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆர்ப்பாட்டம் செய்வம்” என்று பிளாட் முழுக்க அறிவித்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. வாய் மட்டும் வயதுக்கு மிஞ்சி வளர்ந்திருந்தது.

பொலிஸ் நிலையத்தில் அதிகாரி பாதித் தமிழில் விசாரித்தார். எத்தனை பேர், எந்தப் பாதை, என்ன கத்துவீங்க, பின்னால யார் இருக்கிறது?

“அப்பா. பின்னால, பல்கனியில” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வீதியில் கூடுவதென்றால் மாநகரசபையின் கடிதம் வேண்டும் என்றார். மாநகரசபைக்குப் போனேன். பொலிஸ் கடிதம் இருந்தால்தான் தருவோம் என்றார்கள். இப்படி இரண்டு இடமும் என்னைப் பந்தாடின.

மச்சாள் சுகன்யாதான் வழி சொன்னாள். “கூட்டம் எண்டா ஆயிரம் கேள்வி கேப்பாங்கள். மாமாக்குப் பிறந்தநாள் எண்டு கேள். ஸ்பீக்கரும் தருவாங்கள், ஒழுங்கையும் தருவாங்கள்.”

அப்பா பிறந்தது தை மாதம். நான் அனுமதி கேட்டது ஆவணியில். வயது அறுபத்தேழு. அறுபத்தேழுக்கு எவன் ஸ்பீக்கர் கட்டுவான் என்று யோசித்து எழுபதாக்கினேன். (மனிதர் தலைக்கு மை பூசுகிறவர் என்பதை அந்த நேரம் யோசிக்கவில்லை.) அன்று மத்தியானமே அனுமதி கிடைத்தது. நிபந்தனை இரண்டு: இரவு எட்டு மணிக்கு நிறுத்தவேண்டும், பாட்டுப் போடலாம் ஆனால் கூட்டப் பேச்சுப் பேசக்கூடாது. அதே அதிகாரி அப்பாவுக்கு வாழ்த்தும் சொல்லி அனுப்பினார்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். நான் அனுமதியைப் படம் எடுத்து, “பயப்படாமல் வாருங்கோ, எல்லாம் சட்டப்படி” என்று பிளாட் வட்ஸ்அப் குழுவில் வீரமாகப் போட்டேன். அது எங்கள் குடும்பக் குழுவுக்குத் தாவி, ரொறன்ரோவைச் சுற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனை மணி மாமியிடம் வந்து சேர்ந்தது. மணி மாமி அப்பாவின் தங்கை. எங்கள் ஆட்கள் எதையும் மன்னிப்பார்கள், சொல்லாமல் கொண்டாட்டம் வைப்பதை மட்டும் மன்னிக்கமாட்டார்கள்.

பின்னேரம் ஆர்ப்பாட்டத்துக்கு வந்தவர்கள் நானும் சுகன்யாவும் கீழ்வீட்டு ரியூஷன் மாஸ்டரும்தான். மற்ற வீடுகளுக்கு ஒரே நேரத்தில் தலையிடி வந்துவிட்டது. வாடகை ஸ்பீக்கரையும் மைக்கையும் பக்கத்தில் வைத்து, ‘வழியைத் திற’ என்ற மட்டையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் அசட்டுத்தனமாக நிற்கும்போது, கேற்றுக்கு அந்தப் பக்கம் வான்கள் வந்து நின்றன. பட்டுச் சேலைகளும் பரிசுப் பெட்டிகளுமாக என் சொந்தம் முழுவதும் இறங்கியது.

மணி மாமி கம்பிக்குள்ளால் முகத்தை வைத்து, “நாங்கள் என்ன செத்துப்போனமே, சொல்லாமல் செய்யிறதுக்கு?” என்றார்.

கம்பெனிக்காரர் முறைப்பாடு கொடுத்திருக்க வேண்டும். சார்ஜன்ட் ஒருவர் வந்து மட்டையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “பேர்த்டேதானே? கேக் எக கோ?”

கேக் எங்கே என்று எனக்கு எப்படித் தெரியும்?

“கேக் இஞ்ச என்ர கையில கிடக்குது. திறந்தாத்தானே கொண்டுவரலாம்” என்றார் மாமி.

சத்தம் கேட்டு அப்பா இறங்கி வந்தார். பின்னால் அம்மா. அப்பா முப்பது வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்து, விதியென்றால் விதி என்று வாழ்ந்த மனிதர். அனுமதியை வாங்கி வரி விடாமல் வாசித்தார். எழுபது என்ற இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன். அவரோ சார்ஜன்டிடம் சிங்களத்தில், “நன்றியுரை கூட்டப் பேச்சில்லைத்தானே?” என்று கேட்டுவிட்டு மைக்கை எடுத்தார்.

“வந்த எல்லாருக்கும் நன்றி. என்ர மகள் எனக்கு மூண்டு வயசைக் கூட்டிப்போட்டாள், அவளோட பிறகு கதைக்கிறன். பொது ஒழுங்கையை ஒருத்தர் தன்ர வீட்டு முற்றமெண்டு பூட்டி வைச்சிருக்கிறார். கேக் அங்க. நான் இஞ்ச. திறக்குமட்டும் நான் மெழுகுதிரி ஊதமாட்டன். எட்டு மணிவரைக்கும் எனக்கு அனுமதி இருக்கு.”

சொந்தக்காரரின் கோபம் அப்படியே கேற்றின் பக்கம் திரும்பியது. மணி மாமி கம்பியைப் பிடித்து உலுக்கினார். கடற்கரை வீதி அடைபட்டு, வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. சனத்தை வீதியிலிருந்து எடுப்பதா, கேற்றைக் காப்பாற்றுவதா என்று சார்ஜன்ட் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கேற் காவலாளியைத் திறக்கச் சொல்லி, “அரின்ன” என்றார். பூட்டில் திறப்பு திரும்பியது.

அப்பா வாழ்த்தையும் வாங்கவில்லை, கேக்கையும் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீதியைக் கடந்து நேரே கடலடிக்குப் போய் நின்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு உப்புக்காற்று அவர் சேர்ட்டை உப்ப வைத்தது. நான் அழுதேன். சார்ஜன்ட் கேக் சாப்பிட்டார்.

அந்தக் கம்பெனி இன்னும் திருந்தவில்லை. மனேஜர் மாறும்போதெல்லாம் கேற் பூட்டப்படும். நாங்களும் சளைக்கவில்லை. பொலிஸ் நிலையக் கணக்கில் அப்பா எழுபத்தைந்தையும் எண்பதையும் தாண்டிவிட்டார். உண்மையான எழுபது வந்த வருடம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. போன மாதம் காவலாளி மறுபடியும் சங்கிலியோடு வந்ததைப் பல்கனியிலிருந்து பார்த்த அப்பா, உள்ளே போய் நல்ல சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

“மணிக்குச் சொல்லு பிள்ளை” என்றார். “எனக்குத் தொண்ணூறாம்.”