வேனுக்கு ஒரு கூரை

முதல் சொட்டு தலையணையின் நடுவில் விழுந்தது. விசாலாக்ஷி தலையணையை இடப்பக்கம் நகர்த்தினாள். அடுத்த சொட்டு இடப்பக்கம் விழுந்தது. எழுந்து உட்கார்ந்தாள். மூன்றாவது அவள் நெற்றியில் விழுந்து மூக்கு வழியாக இறங்கியது. அதற்குமேல் மழை குறிபார்க்கும் சிரமத்தை விட்டுவிட்டது. கூரையின் நடுவிலிருந்து தாரையாகவே கொட்டியது.

அறுபத்தேழாம் வருஷத்து ஜூன் மாதம். மாட்டுங்காவில் ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தின் பின்பக்கக் காம்பவுண்டில், சக்கரங்களுக்கு அடியில் செங்கல் அடுக்கி நிறுத்திய பழைய வேன் அது. அதற்குள்தான் விசாலாக்ஷி குடியிருந்தாள்.

வேன் அவள் கம்பெனி மானேஜருடையது. அந்த வெள்ளைக்காரர் அதைக் கப்பலில் கொண்டுவந்திருந்தார். உள்ளே படுக்கை, அலமாரி, அடுப்பு வைக்க ஒரு மேடை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் உண்டு. லீவு கிடைத்தால் மனைவியோடு கண்டாலா மலைக்குப் போய் அதிலேயே தங்குவார். அவர் ஊருக்குத் திரும்பும் சமயத்தில் இன்ஜின் செத்துப்போயிருந்தது. வாங்குவார் இல்லை. பிரிவுபசாரத்தில், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று வேடிக்கையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய கடிதங்களைப் பன்னிரண்டு வருஷமாக டைப் அடித்து வந்த விசாலாக்ஷி கையைத் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் அது தன் கை என்பது அவளுக்கே தெரிந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் என்று ஒன்று கூடி வரவில்லை. அதே கட்டிடத்தின் முதல் மாடியில் அண்ணா வேங்கடசுப்ரமணியனுக்கு இரண்டு அறை வீடு. ரயில்வே கணக்கு ஆபீசிலிருந்து வந்தால் அண்ணா பேப்பரைப் பிரித்து முகத்துக்கு முன்னால் சுவர் எழுப்பிவிடுவார். பெண்ணை நாக்பூரில் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் மன்னி வாலாம்பாளும் விசாலாக்ஷியும்தான். ஒருநாள் ஆபீஸ் விட்டு மாடிப்படி ஏறும்போது, மன்னி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது காதில் விழுந்தது. "ரெண்டு ரூமை வெச்சுண்டு மூணு பேர் எங்கே படுக்கறது, சொல்லுங்கோ."

விசாலாக்ஷி எதுவும் கேட்காதவள்போலப் போய்க் காப்பி குடித்தாள்.

கம்பெனி லாரி வேனைக் கயிறு கட்டி இழுத்துவந்து விட்டது. காலியாக இருந்தால் எல்லோரும் குப்பை கொட்டும் மூலை என்பதால் வீட்டுக்காரர் தலையாட்டினார். இனிமேல் தனக்கு அதில்தான் படுக்கை என்று விசாலாக்ஷி மேலே போய்ச் சொன்னபோது, அண்ணா பேப்பரில் ஒரு பக்கம் புரட்டினார். மன்னி உள்ளே போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினாள். அவ்வளவு நிம்மதியாக்கும், என்று நினைத்துக்கொண்டாள் விசாலாக்ஷி.

தனக்கென்று ஒரு கதவு, அதற்கு ஒரு தாழ்ப்பாள். அதை அவள் முதல் வாரம் வேலை இல்லாதபோதெல்லாம் போட்டுப்போட்டுத் திறந்தாள். சாப்பாடு கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து மெஸ்ஸில். வரும்போது பழக்கத்தில் இரண்டு முழம் பூ வாங்கிவிடுவாள். ஒரு முழம் தனக்கு. இன்னொரு முழத்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் ஸ்டியரிங்கில் சுற்றிவைப்பாள். பேச ஆள் இல்லாமல், ஒருநாள் பிஸ்கோத்து டப்பாவில் அச்சடித்திருந்ததை முழுக்க உரக்கப் படித்து முடித்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் மழை உள்ளே வந்தது. கூரையின் நடுவில் காற்றுக்காக ஒரு சதுரத் திறப்பும் அதை மூட ஒரு மரப்பலகையும் இருந்தன. பலகையைச் சுற்றியிருந்த ரப்பர் மக்கிப் போயிருந்தது. நனைந்த தலையணையோடு விசாலாக்ஷி மாடி ஏறிக் கதவைத் தட்டுவதற்குள் மன்னி திறந்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. தனக்குப் பக்கத்தில் படுக்கையை விரித்தாள். விளக்கை அணைத்த பிறகு மட்டும் வெகுநேரம் பேசிக்கொண்டே இருந்தாள். நாக்பூரிலிருந்து கடிதம் வந்தது, மூன்றாம் மாடியில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை, ரேஷன் கோதுமையில் கல். நான் நனைந்துகொண்டு திரும்பி வந்ததில் இவளுக்கு எத்தனை உற்சாகம் பார், என்று விசாலாக்ஷி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆபீசில் தபால் பிரிவுத் திருவேங்கடம் எதற்கும் யோசனை சொல்லக்கூடியவர். ஞாயிற்றுக்கிழமை குடையும் கையுமாக வந்து, ஜன்னல் கண்ணாடியை ஒட்டவைக்கும் பட்டி என்ற பசையைப் பலகையைச் சுற்றி அப்பினார். இரண்டு முறை காப்பி குடித்தார். இனிக் கவலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மழைக்கே ஒழுகியது. விசாலாக்ஷி ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள். பட்டி துண்டு துண்டாகப் பெயர்ந்து கூரையெல்லாம் சிதறிக் கிடந்தது. திருவேங்கடம் மறுபடி வந்து பார்த்து, இது காக்காயின் வேலை என்று தீர்ப்பளித்தார். பட்டியில் எண்ணெய் இருக்கிறதாம், காக்காய்க்கு அது ரொம்ப இஷ்டமாம். வேனுக்கு நேர் மேலே இருந்தது அண்ணா வீட்டு பால்கனி. அங்கே மன்னி தினமும் காக்காய்க்குச் சாதம் வைப்பாள்.

விசாலாக்ஷி மேலே போனாள். "மன்னி, காக்காய்க்குச் சாதம் வைக்காம கொஞ்ச நாள் இருக்க முடியுமா?"

"ஏன், அதுவும் வரப்படாதா?" என்றாள் மன்னி.

அந்த 'அதுவும்' விசாலாக்ஷிக்கு ஊசி ஏற்றியது போல இருந்தது. மன்னி மறுநாளே சாதம் வைப்பதை நிறுத்திவிட்டாள். காக்காய்கள் காரணம் கேட்டு நேரே வேனுக்கு இறங்கி வந்தன. விடிந்ததும் கண்ணாடியைக் கொத்திக் கொத்தி விசாலாக்ஷியை எழுப்பின. ஒழுகலும் நிற்கவில்லை.

பிறகு தார் பூசினாள். இரண்டு நாள் வெயில் அடித்தது. தார் இளகி, வழி கண்டுபிடித்து, ஆபீசுக்குக் கட்டிக்கொள்ள எடுத்து வைத்திருந்த சந்தன நிறப் புடவைமேல் கறுப்புக் கறுப்பாக விழுந்தது. அதைக் கவனிக்காமல் கட்டிக்கொண்டு போனவளைப் புது மானேஜர் கூப்பிட்டு, ஏதாவது விபத்தா என்று விசாரித்தார். அன்று மாலை மழை வந்தபோது தாரின் நடுவிலேயே பெரிய ஓட்டை விழுந்திருந்தது. மறுபடி தலையணை, மாடிப்படி, மன்னி, நாக்பூர்.

தார்ப்பாய் வாங்கி, ஒரு பக்கத்தைக் கட்டிடத்தின் குழாயிலும் மறுபக்கத்தை மரத்திலும் கட்டினாள். தண்ணீர் நிறைந்து தார்ப்பாய் வயிறு ஊதியது. அதன் அடிவயிற்றில் எப்படியோ ஒரு பொத்தல் விழுந்து, வேனுக்குள் குழாய் திறந்தாற்போலக் கொட்டியது. அவள் பதறிப்போய் ஒரு பக்கத்துக் கயிற்றை அவிழ்த்தாள். மொத்தத் தண்ணீரும் புரண்டு, கீழ்வீட்டு ஜன்னல் வழியாகப் புகுந்து, ஈஸிசேரில் சாய்ந்திருந்த ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் கோமதிநாயகத்தின் மடியில் விழுந்தது. அந்தக் கட்டிடத்தில் அவளைப் பார்த்தால் சிரிக்கும் ஒரே மனிதர் அவர்தான். அன்றோடு அதுவும் போயிற்று.

கோமதிநாயகம் வீட்டுக்காரரிடம் போனார். வீட்டுக்காரர் விசாலாக்ஷியிடம் வந்தார். இன்னொரு முறை இந்த வேனால் தொந்தரவு வந்தால் அடுத்த நாள் அது பழைய இரும்புக்குப் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொன்னார். வேட்டியைப் பிழிந்தபடி நின்ற கோமதிநாயகம், அதற்குமேல் மனசு கேட்காமல், தாராவியில் எங்கூர்க்காரன் ஒருத்தன் இருக்கான், அவன்கிட்டயாவது போய்ச் சொல்லும்மா என்றார்.

அந்த ஊர்க்காரர் ஆறுமுகநயினார். தகரப் பெட்டி செய்பவர். கைவண்டியில் தகரத்தோடு வந்து, வேனைச் சுற்றிப் பார்த்தார். பலகை, பட்டி, தார் எதையும் தொடவில்லை. எண்ணெய் பீப்பாய்களை வெட்டி நிமிர்த்திய கெட்டித் தகரத்தால் கூரை முழுவதையும் மூடி, ஓரங்களை மடித்து அடித்தார். நாள் முழுக்கச் சத்தம். கட்டிடத்தின் அத்தனை ஜன்னலிலும் ஒரு முறைத்த முகம் தெரிந்தது. வேலை முடிந்ததும் மேலே ஏறி நின்று காலால் ஓங்கி மிதித்துக் காட்டினார்.

"இனிமே யானை ஏறி நின்னாலும் ஒண்ணும் ஆவாது, தாயி. சொட்டுத் தண்ணி எறங்காது. நிம்மதியாப் படுத்துத் தூங்குங்க."

மறுநாள் பிடித்த மழை மதியத்திலிருந்து விடவில்லை. தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயில்கள் தாமதமாயின. விசாலாக்ஷி முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்தாள். ஒரு சொட்டு இல்லை. கையை நீட்டித் தடவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. படுக்கை, தலையணை, ஸ்டியரிங்கில் பூ, எல்லாம் காய்ந்தே இருந்தன.

ஜெயித்தாகிவிட்டது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ஜன்னல் திரையை விலக்கினாள். கட்டிடத்தில் எல்லோரும் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். தகரத்தின்மேல் மழை விழும் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. "விசாலாக்ஷி" என்று தன் பெயரையே சொல்லிப் பார்த்தாள். அதுவும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

மழை இன்று விடாது. இந்த வருஷம் முழுக்க, அடுத்த வருஷமும், எத்தனை மழை பெய்தாலும் இந்தக் கூரை ஒழுகப்போவதில்லை. மாடிக்குப் போக இனி ஒரு காரணமும் இல்லை. அவள் அதை ஒருமுறைக்கு இருமுறை யோசித்தாள்.

பிறகு கூஜாவை எடுத்து, தலையணைமேல் நிதானமாகத் தண்ணீரை ஊற்றினாள்.

மாடிக் கதவை மன்னி வழக்கம்போலத் தட்டுமுன் திறந்தாள். உள்ளே அண்ணா பேப்பருக்குப் பின்னால் இருந்தார். விசாலாக்ஷி தலையணையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட நின்றாள். முகத்தைப் பார்க்காமல், "மறுபடியும் ஒழுகறது, மன்னி" என்றாள்.

மன்னியின் முகம் மலர்ந்தது. ஓடிப்போய்ப் படுக்கையை எடுத்து வந்து பாதி விரித்தாள். விரித்தவள் சட்டென்று கை நின்றுபோய், குழப்பத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"அதெப்படி ஒழுகும்? பால்கனியிலேருந்து புடவை போடற கோலாலே எத்தனை தடவை குத்திப் பாத்தேன், தகரத்திலே இறங்கவே இல்லையே!"