அமாவாசையன்று ஸ்பாகெட்டி

விருந்தாளிக்கு ஆறிய காபி கொடுத்தால்கூட அதை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுகிற வம்சம் எங்களுடையது. அப்படிப்பட்ட வீட்டில், என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிட்ட சாப்பாட்டைப் பரிமாறியவன் நான். அதுவும் அமாவாசையன்று. அதுவும் எள்ளைத் தூவி. (மூன்றில் ஏதாவது ஒன்றோடு நிறுத்தியிருந்தால் மன்னித்திருப்பார்கள்.)

தொண்ணூறுகளின் தொடக்கம். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்போது வேறு வீடே கிடையாது. காலி மனைகள், முள்செடி, அதற்கப்பால் ஏரி. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் மனைகளுக்குள் ஏறிவிடும். எல்லைக் கற்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். சாயங்காலங்களில் அந்தப் பக்கத்து ஜன்னலை அம்மா திறக்கவிட மாட்டாள். கொசுவுக்காக என்றுதான் சொல்வாள்.

நான் கேட்டரிங் படித்துக்கொண்டிருந்தேன். அரசாங்க குமாஸ்தாவான அப்பா வெளியே யாராவது விசாரித்தால், பையன் ஹோட்டல் மேனேஜ்மென்ட் என்று இரண்டாவது சொல்லை அழுத்திச் சொல்வார். வீட்டுக்குள் நான் பரோட்டா மாஸ்டர். அந்தப் பெயரை ஒரே நாளில் துடைத்தெறிய வசந்தி அக்காவின் பெண் பார்க்கும் நாளைத் தேர்ந்தெடுத்தேன். எல்லார் வீட்டிலும் கிடைக்கிற பஜ்ஜி சொஜ்ஜியோடு, யார் வீட்டிலும் கிடைக்காத ஒன்றையும் வைப்பது என்று முடிவு. அதுதான் ஆசிய பாணி குளிர் பாஸ்தா சாலட். சிங்கப்பூரில் வேலை பார்த்த ஒரு சமையல் நிபுணர் எங்கள் வகுப்பில் ஒரே ஒரு முறை செய்து காட்டியது. நான் கடைசி வரிசையில் நின்றிருந்தேன். அவருடைய தொப்பி நன்றாகத் தெரிந்தது.

ஸ்பாகெட்டி பாக்கெட்டை நண்பன் ஒருவன் கொடுத்தான். வெள்ளை எள்ளுக்கு முனைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெள்ளை எள்ளு இங்க இன்னாத்துக்கு வருது? கறுப்புதான் கீது. தர்ப்பணத்துக்குத்தான வாங்கிகினு போறே?"

சாலட்டுக்கு என்றேன். அவர் கறுப்பு எள்ளுப் பொட்டலத்தைக் கையில் கொடுக்காமல் மேடையில் வைத்துத் தள்ளினார்.

மதியமே ஸ்பாகெட்டியை வேகவைத்து, ஐஸ் தண்ணீரில் அலசி, பெரிய பாத்திரத்தில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். எங்கள் ஃப்ரிட்ஜ் யாரோ உபயோகித்து விற்றது. அவ்வப்போது நெஞ்சு வலிக்காரர் மாதிரி ஒரு முனகல் முனகும். அன்றைக்கு என்னவோ அதிகமாகவே முனகிற்று. நாலு மணிக்கெல்லாம் வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. அம்மா பஜ்ஜிக்கு எண்ணெய் காய வைத்தாள். அடுப்பு நீலமாக ஒரு தரம் எழும்பி அணைந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டர் வரவில்லை. (பெண் வீட்டார் பட்டியலில் பூ, பழம், வெற்றிலை எல்லாம் இருக்கும். சிலிண்டர் இருக்காது.)

அம்மா மொட்டை மாடித் துணிகளை எடுக்க ஓடினாள். இனி வீட்டில் பரிமாறத் தகுந்ததாக இருந்தது என் சாலட் ஒன்றுதான். இருட்டில் பாத்திரத்தை எடுத்து, கையை உள்ளே விட்டேன். இப்போது நினைத்தாலும் அந்தத் தொடுவுணர்ச்சி விரலில் இருக்கிறது. குளிர்ந்து, வழவழத்து, விரலைச் சுற்றிக்கொண்டு நழுவுகிற ஒன்று. ஏரியில் கை விட்ட மாதிரி. வேர்க்கடலை பூஞ்சை பிடித்திருந்ததால் பொட்டுக்கடலைப் பொடியைக் கொட்டினேன். வினிகர் பாட்டில் காலி. என்ன செய்வது என்று நின்றபோது, பின்னாலிருந்து மெதுவான குரல் கேட்டது.

"புளித் தண்ணி ஊத்து."

சரிம்மா என்று சொல்லிக் கரைத்து ஊற்றினேன். ஊற்றி முடித்த பிறகுதான் அம்மா ஈரத் துணி மூட்டையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவசரத்தில் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த வயதில் எனக்குப் பேய் பயம் கிடையாது. அப்பா பயம் மட்டும்தான்.

அப்போது கேட் சத்தம். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழைக்குள் குடைகள் வந்தன. மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமன். பின்னால் குடையில்லாமல், வெள்ளை வேட்டியில், தலை குனிந்து நனைந்தபடி வயதானவர் ஒருவர். பாவம், யாரோ சொந்தக்காரர் என்று நினைத்து, மாப்பிள்ளை வீட்டாருக்கு நாலு தட்டு போட்டேன். சாலட்டை வைத்து, மதியமே வறுத்து வைத்திருந்த எள்ளைத் தாராளமாகத் தூவினேன்.

கூடத்தில் ஒற்றைச் சிம்னி விளக்கு. தட்டுகளோடு போனால், உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர்.

அப்பா பல்லிடுக்கில் கேட்டார், நாலாவது யாருக்குடா என்று. வெளியே நிற்கிறார் போலிருக்கிறது என்றேன். யார் நிற்கிறார் என்றார். நான் வாசலைப் பார்த்தேன். திண்ணையில் மூன்று குடைகள் சொட்டிக்கொண்டிருந்தன. வாசலில் யாருமில்லை.

தட்டுகளை வைத்துவிட்டேன். விளக்கு ஆடியபோது, எண்ணெயில் ஊறிய ஸ்பாகெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லச் சரிந்தது. தாய்மாமன் காலை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். பிறகு குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இது இன்னாங்க, அமாவாசை அதுவுமா எள்ளு போட்டு வச்சிருக்கீங்க?"

உள்ளே ஃப்ரிட்ஜ் வேறு நீளமாக ஒரு தரம் முனகிற்று. கரண்ட் இல்லாத ஃப்ரிட்ஜ் ஏன் முனக வேண்டும் என்று இன்றுவரை யாரும் எனக்கு விளக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பரோட்டா மாஸ்டர் பட்டமே எவ்வளவு கௌரவமானது என்று அப்போதுதான் புரிந்தது. கதவிடுக்கில் அக்காவின் பட்டுப்புடவை நுனி தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். விழுங்காமல் அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இதுல புளித் தண்ணி ஊத்தச் சொன்னது யாரு?"

அம்மா சொன்னாள் என்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் எப்படா சொன்னேன்? மாடியில இல்ல இருந்தேன்?"

அந்த அம்மாள் பேச ஆரம்பித்தார். தரகர் எங்களுக்குச் சொல்லாத கதை அது. அவர் கணவர் ரங்கூனில் பிறந்து வளர்ந்து, பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி மெட்ராஸ் வந்தவர். ஆறிய நூடுல்ஸில் புளித் தண்ணீர் ஊற்றி, கடலைப் பொடி போட்டுப் பிசைகிற அத்தோ என்றால் அவருக்கு உயிர். அமாவாசைக்கு அமாவாசை அவரே பிசைவார். எள்ளு போடாதீங்க என்று இவர் சண்டை போடுவாராம். அவர் கேட்டதேயில்லை. போய் இரண்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் அதைத் தொடவில்லை.

சொல்லிக்கொண்டே வந்தவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். நாங்களும் திரும்பினோம். கம்பிக்கு வெளியே, அந்த மழையில், நனைந்த காகம் ஒன்று உட்கார்ந்திருந்தது. கரையவில்லை. அசையவில்லை. கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் எழுந்துபோய் நாலாவது தட்டை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். காகம் ஒரு இழையைக் கவ்வியது. தலையைப் பின்னுக்கு வாங்கி, அந்த நீளம் முழுவதையும் நிதானமாக விழுங்கியது. இன்னொன்று. தாய்மாமன் வேறு வழியில்லாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தட்டில் பாதியைத் தீர்த்துவிட்டு, காகம் ஏரிப் பக்கமாகப் பறந்து மழைக்குள் மறைந்தது.

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் சாதாரணமாகச் சொன்னார்.

"அவருக்குச் சம்மதம். தை மாசத்துல முகூர்த்தம் பாத்துடலாம்."

அக்கா இன்னும் கூடத்துக்கே வந்திருக்கவில்லை. மாப்பிள்ளை வாயைத் திறந்து மூடினார். பிறகு மிகுந்த தயக்கத்தோடு, "அம்மா, நானும் ஒரு தரம் பொண்ணைப் பாத்துடறேனே" என்றார்.

பார்த்தார். அக்காவும் அவரைப் பார்த்தாள். சிம்னி வெளிச்சத்தில் பாதி முகம்தான் தெரிந்தது என்று பின்னாளில் இருவருமே புகார் சொன்னார்கள். அன்றிரவு அக்கா என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில், குடையில்லாமல் வந்தவரைப் பற்றி அவளிடம் மட்டும் சொன்னேன். இதை யாரிடமும் சொல்லாதே, ஆனால் அவர் நல்லவராகத் தெரிந்தாரா என்று கேட்டாள். நனைந்திருந்தார், அவ்வளவுதான் தெரிந்தது என்றேன். கீழ்க்கட்டளையில் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய், நன்றாகவே இருக்கிறாள். யாராவது உங்கள் கல்யாணத்தை நிச்சயம் பண்ணியது யார் என்று கேட்டால், பெயர் தெரியாது, கறுப்பாக இருந்தார் என்பாள்.

என் படிப்பை அப்பா அதன்பிறகு கேலி செய்யவில்லை. ஆனால் எனக்கு ஒரு நிரந்தர உத்தியோகம் வந்து சேர்ந்தது. நான் நேரில் பார்த்திராத ஒரு மனிதருக்கு (பார்த்திராத என்றே வைத்துக்கொள்வோம்) வருஷா வருஷம் திதியன்று ஸ்பாகெட்டி வேகவைப்பது என் பொறுப்பு. ஹோட்டலில் என் கீழே பத்துப் பேர் வேலை செய்தாலும் இதை நான்தான் என் கையால் பிசைய வேண்டும். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால், "இவன்தான் எங்கப்பாவோட சமையல்காரன்" என்பார். வந்தவர், அப்பா சௌக்கியமா என்று விசாரிப்பார். வீடே சிரிக்கும்.

போன வருஷத் திதி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். அத்தை, அதாவது அக்காவின் மாமியார், பக்கத்தில் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, இந்தத் தடவை கொஞ்சம் காரம் பத்தலையாம்" என்றார்.

யார் சொன்னது அத்தை என்று கேட்டேன். இவ்வளவு படித்தும் இவன் இப்படி இருக்கிறானே என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இந்த வருஷம் மிளகாயைக் கூட்டிவிட்டேன். ஜன்னலில் வைத்த தட்டு சுத்தமாகக் காலி.