தோணியரின் வெறும் வாளி

மொன்ட்ரியலில் வீடு வாங்கிய தமிழர்களை எண்ணி முடியாது. ஆனால் வாங்கிய வீட்டைக் கயிற்றால் கட்டி வைத்தவர் இந்த மாநகரத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தோணியர்.

சொந்தப் பெயர் அவருடைய பென்ஷன் கடிதத்தில் மட்டும் இருக்கிறது. மன்னார்க்காரர். நானும் அவரும் லிஃப்ட் திருத்தும் கம்பெனி ஒன்றில் ஒன்றாக வேலை செய்தோம். நான் மேசையில், அவர் லிஃப்ட் கிணற்றுக்குள். முப்பது வருடம் ஊரையே மேலும் கீழுமாக ஏற்றி இறக்கிய மனிதர், ஓய்வு பெற்றதும் இனி நேராகப் போகப் போகிறேன் என்று லஷீன் கால்வாயில் ஒரு பழைய இரும்புப் படகை வாங்கிவிட்டார்.

இங்கிலாந்துக் கால்வாய்ப் படகுகளைப் பார்த்து யாரோ ஒரு கிழவர் தன் கையாலேயே செய்த படகு அது. நீளம் நாற்பது அடி, அகலம் ஏழே அடி. உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் குளியலறைக்குள் ஒதுங்கி வழிவிட வேண்டும். முதல் தடவை போனபோது என் மனைவி முன்பக்கமும் நான் பின்பக்கமுமாக மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தோம். எங்கள் மணவாழ்க்கையில் அவ்வளவு அமைதியான இரண்டு மணி நேரம் வேறு இல்லை. இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

தோணியரின் ஒரே மகள் நிரோஷாவுக்கு இந்தக் கூத்துத் துளியும் பிடிக்கவில்லை. தாய் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தகப்பன் தனியாகத் தண்ணீரில் கிடப்பதை எந்தப் பிள்ளை பொறுக்கும்? கர்க்லாண்டில் உள்ள தன் வீட்டின் கீழ்த்தளத்தில் கட்டில், தொலைக்காட்சி, தனிக் குளியலறை எல்லாம் வைத்துக் கூப்பிட்டாள்.

"அங்க எனக்கு என்ன வேலை பிள்ளை? ரிமோட்டைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறதோ?" என்று கேட்டார் தோணியர்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கோடை முடியுமுன் அவள் ஒருநாள் வந்து பார்ப்பாள். பாதுகாப்பில்லை என்று பட்டால் படகை விற்றுவிட்டு அவர் கர்க்லாண்டுக்குப் போக வேண்டும். தோணியர் வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கை மீறுகிற ஆளும் அல்ல.

அவர் சொன்ன வேலைக்குப் படகில் பஞ்சமே இல்லை. விடிந்ததும் ஜன்னல் கண்ணாடிகளில் வியர்த்திருக்கும் நீரைத் துடைப்பார். பிறகு தரைப்பலகையைத் தூக்கி, கீழே நிற்கும் தண்ணீரில் விரலை விட்டு மணந்து பார்ப்பார். சவர்க்கார மணம் என்றால் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, பாசி மணம் என்றால் கால்வாயே உள்ளே வருகிறது. எஞ்சினிலிருந்து வெளியே விசிறிக்குப் போகும் இரும்புத் தண்டு சூடேறாமல் இருக்க, அதன் வழியாக நிமிடத்துக்கு இரண்டு சொட்டுத் தண்ணீர் வர வேண்டுமாம். ஒருநாள் நான் ஆஃபீஸ் கூட்டத்தில் இருக்கும்போது போன் செய்தார்.

"தம்பி, இண்டைக்குச் சொட்டு வரேல்லை."

"நல்லதுதானே அண்ணை?"

"என்ன நல்லது? இறுக்கிப்போட்டன் போல. சூடேறி எரியப் போகுது."

உலகத்தில் வீடு ஒழுகவில்லை என்று கவலைப்பட்ட ஒரே ஆள் அவர்தான்.

கழிப்பறைக்குப் போகும் விருந்தாளிக்கு வாசலில் வைத்து ஒரு வகுப்பு எடுப்பார். தொட்டி சிறியது, நிறைந்தால் அவர்தான் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். அந்த வகுப்பை ஒருமுறை கேட்டவர்கள் அடுத்த முறை மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துக் கஃபேயிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வருவார்கள்.

நிரோஷா வரும் நாள் நெருங்கியபோது என் மனைவி குறுக்கே விழுந்தாள்.

"பால் காய்ச்சாமல் குடிபோனால் எப்பிடி அண்ணை நல்லது நடக்கும்?"

"நாங்கள் வேதக்காரர் பிள்ளை. பாதர் வந்து தண்ணி தெளிச்சிட்டார். உள்ளுக்க இருந்த தண்ணி காணாதெண்டு அதுவும் சேர்ந்திட்டுது."

"பாதர் தெளிச்சது தெளிச்சபடி இருக்கட்டும். பாலும் காய்ச்சுவம்."

அவளிடம் வாதாடி வென்றவர் யாரும் இல்லை. நிரோஷா வந்த அந்த ஞாயிறு பகல், புதுப் பானையில் பால் ஏறியது. தோணியர் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய் எஞ்சினைக் காட்டிக்கொண்டிருந்தார். முன்னே பால் பொங்கி நாலா பக்கமும் வழிந்தது. என் மனைவி கும்பிட்டாள், நிரோஷா படம் எடுத்தாள். பால் அடுப்பையும் அணைத்துவிட்டதை இருவரும் கவனிக்கவில்லை. தீ அணைந்தால் தானாகவே காஸை நிறுத்தும் புது அடுப்பு அல்ல அது. சற்று நேரத்தில் தரையோரத்தில் இருந்த, காஸ் கசிந்தால் எச்சரிக்கும் கருவி கீச்சென்று கத்தத் தொடங்கியது.

தோணியர் பதறவில்லை. வெளியே இருந்த காஸ் சிலிண்டரின் திருகை மூடினார்.

"ஒருத்தரும் சுவிட்சில கை வைக்காதேங்கோ. போனையும் தொடாதேங்கோ. மெல்லமா வெளியில போங்கோ."

கரையில் நின்று பார்த்தோம். கதவுகளை அகலத் திறந்து, தரைப்பலகைகளைக் கழற்றி, ஒரு பிளாஸ்டிக் வாளியால் கீழேயிருந்து எதையோ அள்ளி வெளியே ஊற்றினார். வாளி வெறுமையாக இருந்தது. மறுபடி அள்ளினார், மறுபடி ஊற்றினார். சைக்கிளில் வந்த ஒரு பெண் நிறுத்தி, "சா வா?" என்று பிரெஞ்சில் சுகம் கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். நிரோஷாவின் கண்கள் கலங்கிவிட்டன. தகப்பனுக்குப் புத்தி தடுமாறிவிட்டதென்றே அவள் நினைத்தாள்.

"அப்பா, வாளிக்குள்ள ஒண்டும் இல்லையப்பா."

"இருக்குப் பிள்ளை, கண்ணுக்குத்தான் தெரியாது. இந்தக் காஸ் காத்தை விடப் பாரம், அடியில போய்க் கிடக்கும். பம்ப் போட்டால் பொறி பறக்கும். தண்ணியைப் போல கையாலதான் அள்ள வேணும்."

அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவடியில் போய்க் கையை நீட்டினாள். அவர் அள்ளிக் கொடுத்தார், அவள் வாங்கி என்னிடம் தந்தாள், நான் கால்வாயில் ஊற்றினேன். படித்த மூன்று பேர் முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லாததைச் சிந்தாமல் கைமாற்றினோம். என் மனைவி கரையில் நின்று இரண்டு சமயத்துத் தெய்வங்களையும் கூப்பிட்டாள். கருவி கத்துவதை நிறுத்தியது.

தோணியர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளின் முன்னால் வந்து நின்றார். என் மனைவியின் பாலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பிழை என்ர. அடுப்பை மாத்தியிருக்க வேணும், நான் மாத்தேல்லை. சொன்ன சொல்லுச் சொன்னதுதான். விக்கிறதுக்கு ஆளைப் பார் பிள்ளை."

நிரோஷா வாளியைக் கீழே வைத்தாள்.

"அம்மா போனாப் பிறகு நீங்கள் இவ்வளவு தெளிவா நிண்டு நான் காணேல்லை அப்பா. புது அடுப்பு நான் வாங்கித் தாறன். போட் இருக்கட்டும்."

அவர் திரும்பி, கழற்றிய பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்தத் தொடங்கினார். மூன்றாவது பலகையை இரண்டு தடவை தலைகீழாக வைத்தார்.

பனி வந்தால் படகைக் கரையில் ஏற்றிப் பிளாஸ்டிக்கால் சுற்றிவிடுவார்கள். அந்த மாதங்களுக்கு அவர் கர்க்லாண்டில்தான். ஆனால் ஜனவரியில் மூன்று வாரம் கோட்-டெ-நெய்ஜில் எங்கள் வீட்டில் நிற்க வேண்டும் என்று நிரோஷாவிடம் மல்லுக்கட்டி வாங்கியிருக்கிறேன். இந்த ஊரில் எல்லோரும் கோடைக்காக ஏங்குகிறார்கள். எப்போது பனி கொட்டும் என்று ஜன்னலடியில் நிற்கிற விசரன் நான் ஒருவன்தான்.