மேல்காட்டுப் பஸ்ஸை இன்டர்நெட்டிலிருந்து இறக்கக் கோரி

அந்தோணியார் துணை

மேல்காடு எஸ்டேட்,
தலைச்சோலை வழி, ஏற்காடு.
21-8-1999

அன்பு மருமகன் சேகருக்கு, மாமன் தேவசிகாமணி எழுதுவது. பட்டணத்தில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கட்சி ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் கண் கெடாமல் உட்கார்ந்திருக்க அந்தோணியாரைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அத்தை சாந்தாமேரியும் சின்னவள் அமலியும் சுகம். கோழிகளுக்கு மட்டும் சளி. மழை விட்டபாடில்லை.

நிற்க. எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதே. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலையில் இத்தனை வருஷம் துரைமார்களையும் கூலியாட்களையும் ஒரே நாளில் சமாளித்தவன், கோபப்பட எனக்கு நேரம் இருந்ததில்லை. விஷயத்தை வரிசையாகச் சொல்கிறேன், நீயே தீர்ப்புச் சொல். மே மாதம் நம் பெரியவள் ஜெயமேரி கல்யாணத்துக்கு நீ கேமராவும் கையுமாக வந்தாய். மாப்பிள்ளை வீட்டார் குப்பனூரிலிருந்து வாடகைக்குப் பிடித்து வந்த பஸ், தலைச்சோலையோடு நிற்காமல் எஸ்டேட் பாதையில் ஏறி நம் அந்தோணியார் கோயில் வாசலுக்கே வந்துவிட்டது. நம் ஊருக்குள் பஸ் என்று ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. கீழேயிருந்து முதல் தடவை மேலேறி வரும் வண்டி ஜீப்பானாலும் டிராக்டரானாலும் அதற்கு ஆரத்தி எடுத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சாமியார் தீர்த்தம் தெளித்து, ஊருக்குள் கொஞ்சம் தலை நரைத்தவன் ஒருவன் முன்னால் நின்று கும்பிட்டு வரவேற்பது இங்கே இந்துவும் கிறிஸ்தவரும் சேர்ந்து செய்கிற வழக்கம் என்பது உனக்கே தெரியும். மாப்பிள்ளை கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, பஸ்ஸுக்கு மாலை விழுந்தது. தலை நரைத்தவன் நான். தோளில் கட்சித் துண்டு. நீ போட்டோ எடுத்தாய். எடுத்ததில் தப்பில்லை.

இனிமேல் எல்லாக் கட்சியும் வெப்சைட் வைத்துத்தான் வாக்காளர் மனதைப் பிடிக்கும், நம் கட்சி முந்திக்கொண்டுவிட்டது என்று அன்றைக்குப் பந்தலில் நீ சொன்னாய். நானும் ரசம் ஊற்றிக்கொண்டே தலையாட்டினேன். நம் ஊரில் போன் என்பது எஸ்டேட் ஆபீஸில் ஒன்றுதான், அதுவும் மழை பெய்தால் பேசாது. இங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம். ஆனால் நீ செய்தது என்ன? அந்தப் படத்தை வெப்சைட்டில் போட்டு, 'சொன்னதைச் செய்தோம்! மேல்காடு மலைக் கிராமத்துக்குப் பேருந்து. கிளைச் செயலாளர் தேவசிகாமணி தொடங்கி வைத்தார்' என்று எழுதிவிட்டாய். மாப்பிள்ளை தலை ஜன்னலில் தெரிகிறது. அவர்தான் முதல் பயணி போலிருக்கிறது.

கட்சியின் ஜில்லா ஆபீஸிலிருந்து அந்தப் பக்கத்தைக் கலரில் அச்செடுத்து, கட்டுக்கட்டாக எனக்கே அனுப்பி, வீடு வீடாகக் கொடு என்று உத்தரவு. பஸ் இல்லாத ஊரில், பஸ் வந்துவிட்டது என்ற நோட்டீஸை, நடந்தே போய்க் கொடுத்தவன் இந்தத் தேசத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எதிர்க்கட்சிக் கிளைக்குச் செயலாளர் நம் மாதையன்தானே, பக்கத்துக் காட்டுக்காரர், அவர் சண்டைக்கு வந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க ரைட்டரே, இந்தப் பஸ்ஸு காலைல எத்தன மணிக்குங்க? ஊட்ல கேக்கறாங்க" என்றார் சாந்தமாக. அதற்குள் சின்னத்தாயி குறுக்கே வந்து, "பஸ்ஸு வந்தா வருது, வராட்டிப் போவுது. ஆலாத்தி எடுத்தது நானுங்க. படத்துல என்ற மொகத்தையே தட்டு மறைச்சிருச்சே, இது உங்களுக்கு நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு, அன்றையிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

இதெல்லாம் போகட்டும். நம் ஊருக்குப் பஸ் கேட்டு ஊரே கையெழுத்துப் போட்ட மனு ஒன்று பல வருஷமாக சேலத்தில் பஸ் விடுகிற ஆபீஸில் கிடக்கிறது. அமலி பத்தாவது தேறி ஏற்காட்டில் பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள், இனியாவது அதைத் தட்டி எழுப்புவோம் என்று போன மாதம் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். மேஜைமேல் நீ எடுத்த படம் போட்ட அந்த நோட்டீஸ். "உங்க ஊருக்குத்தான் பஸ் ஓடுதேங்க?" என்றார். ஓடலீங்க என்றேன். "படத்துல நிக்கறது நீங்கதானே?" நானேதானுங்க என்றேன். "அப்ப ஓடுதுங்க" என்று சொல்லி, மனுவின்மேல் 'கோரிக்கை நிறைவேறியது' என்று எழுதி உள்ளே வைத்துவிட்டார். என் முகத்தை வைத்தே என்னைப் பொய்யனாக்கிவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்தது வேடியப்பன். மாதையனின் தம்பி, குவைத்தில் இருக்கிறான். உன் வெப்சைட்டை அங்கே பார்த்து, நம் ஊருக்கே பஸ் வந்துவிட்டதென்று அழுதிருக்கிறான். லீவு போட்டு, அம்மாவுக்குப் பெரிய டிவி ஒன்றை வாங்கிக்கொண்டு, தலைச்சோலையில் இறங்கி, மேல்காட்டுப் பஸ்ஸுக்காகப் பொழுது சாயும்வரை பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறான். கடைசியில் டிவியைத் தலையில் வைத்து மழையில் நடந்தே வந்து சேர்ந்தான். டிவி வேலை செய்கிறது, அவனுக்குத்தான் கழுத்துத் திரும்பவில்லை. அந்தக் கழுத்தோடு சேலம் பிரவுசிங் சென்டருக்குப் போய், உன் வெப்சைட்டில் 'உங்கள் குரல்' என்று இருக்கிறதே, அதில் பஸ் எங்கே என்று காரசாரமாக எழுதிப் போட்டான். அதற்கு நீ என்ன பதில் போட்டாய்? 'அன்புள்ள வாக்காளரே, உங்கள் குரலுக்கு நன்றி. மேற்படி பேருந்து பழுது காரணமாகத் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. சம்பந்தப்பட்ட துறைக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது.' இதையும் அச்செடுத்து வந்து டீக்கடையில் படித்தார்கள். மாதையன் என் தோளில் கை வைத்து, "வராத பஸ்ஸு ரிப்பேர் ஆயிப்போச்சாமுங்க. நொம்பச் சங்கடமுங்க ரைட்டரே" என்று துக்கம் விசாரித்தார். பொய்யாவது ஒன்றோடு நின்றிருக்கலாம், கண்ணு.

சிரிப்பாகத்தான் எழுதுகிறேன், ஆனால் உள்ளே சிரிப்பு இல்லை. அமலி தினமும் காபிக் காட்டு வழியாகத் தலைச்சோலைக்கு நடந்துபோய்த்தான் ஏற்காடு பஸ் பிடிக்கிறாள். இந்த மூடுபனியில் எதிரே வருவது ஆளா மாடா என்று தெரியாது. முந்தாநாள் பாதையில் காட்டெருமை நின்றிருக்கிறது. பிள்ளை காபிச் செடிக்குள் புகுந்து, புத்தகம் ஒருபக்கம் செருப்பு ஒருபக்கமாக வீட்டுக்குத் திரும்பி வந்தாள். உன் அத்தை அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "படிச்சது போதுஞ் சாமி. திங்கக்கெழமையிலிருந்து களை வெட்ட எங்கூட வா. உசுரு இருந்தாப் போதும்." எந்த முகத்தோடு நான் தடுப்பேன், பஸ் விட்டவனே நான்தானே! அமலி அழவில்லை. புத்தகத்தை அடுப்பு மேட்டில் காயவைத்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் அந்தப் பக்கத்தை அடியோடு எடுத்துவிடு. பஸ்ஸை எடு, என் படத்தை எடு, பழுதையும் எடு. நம் ஊருக்குப் பஸ் கிடையாது, எப்போதும் கிடையாது என்று பெரிய எழுத்தில் போடு. அதை அச்செடுத்துக்கொண்டு நான் மறுபடி சேலம் போய் மனுவை உயிர்ப்பிக்க வேண்டும். செய்யாவிட்டால் செயலாளர் பதவியை விட்டுவிட்டு மாதையன் கட்சியில் சேர்ந்துவிடுவேன். அவர்களுக்கு இன்னும் வெப்சைட் இல்லையாம்.

உன் தாயாருக்கு எங்கள் தோத்திரம். மூட்டு வலிக்கு நம் காட்டு மிளகு கொடுத்தனுப்புகிறேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், கம்ப்யூட்டர் சூடு என்கிறார்கள். தேவமாதா உன்னைக் காப்பாளாக.

அன்பு மாமன்,
தேவசிகாமணி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடிதத்தைத் தபாலில் சேர்க்க முடியவில்லை. இன்று திங்கட்கிழமை காலையில் கோயில் வாசலில் ஹாரன் சத்தம். இன்னொரு கல்யாணம் என்றுதான் எல்லோரும் ஓடினோம். பார்த்தால் நிஜமான பஸ், பலகையில் 'மேல்காடு'. கண்டக்டரைக் கேட்டேன். "நின்னுபோன ரூட்ட மறுபடி ஓட்டச் சொல்லி மேலெடத்து ஆர்டருங்க. எப்ப நின்னுச்சு, யாரு நிறுத்துனாங்கன்னு ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியல. தேர்தல் நேரம், பயந்துபோயி அனுப்பிட்டாங்க" என்றார். புதுசாகப் பஸ் விட எத்தனையோ அனுமதி வேண்டுமாம், நின்ற பஸ்ஸை ஓட்ட எதுவும் வேண்டாமாம். சின்னத்தாயி இந்தத் தடவை தட்டைத் தாழ்த்திப் பிடித்து முகம் தெரிய ஆரத்தி எடுத்தார், எடுத்த கையோடு என்னிடம் பேசியும் விட்டார். அமலி முதல் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். களை வெட்டக் கூப்பிட்ட உன் அத்தையே சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் பின்னால் ஓடினாள். நான் நின்ற இடத்திலேயே அழுதேன், துண்டு இருந்ததால் சௌகரியமாகப் போயிற்று.

இன்னொன்று. நம் கோயில் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. ஜெயமேரி கல்யாணத்தில் ஊர்ப் பிள்ளைகள் பந்தியில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று நீ எடுத்தாய். அதைப் போட்டு, 'மேல்காடு மேல்நிலைப் பள்ளி, கட்டட வேலை காரணமாகத் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்று எழுது. இலை மட்டும் தெரியாமல் வெட்டிவிடு.